ஹெம்ப் சங்கம் தொடங்கப் போகிறீர்களா? மலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை இறங்கும்போதெல்லாம் மாற்றுப் பயிர்ப் பேச்சு கிளம்பும். கொய்மலர் என்றார்கள், காளான் என்றார்கள், அவகாடோ என்றார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் ஹெம்ப், அதாவது போதைச் சத்து மிகக் குறைந்த கஞ்சா ரகம், சுற்றி வருகிறது. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறவர்களிடமும் இதே பேச்சுதான். "உத்தரகாண்டில் விட்டுவிட்டார்கள், நமக்கும் வரும், அதற்குள் ஒரு சங்கம் ஆரம்பித்துவிடலாம்" என்று படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள்.

சங்கம் வைப்பதில் தப்பில்லை. கஞ்சா சட்டபூர்வமான இடங்களில் எல்லாம் வரியிலிருந்து பரிசோதனை வரை பல விதிகளை வணிகச் சங்கங்கள் பேசிப் பேசித்தான் மாற்றியிருக்கின்றன. ஆனால் அந்தச் சங்கங்கள் எங்கே சறுக்கின என்பதையும் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். முக்கியமாகச் சங்கத்தில் ஓட்டு யார் கையில் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்காவிட்டால், அரை ஏக்கர்க்காரருக்குக் கடைசியில் சந்தா ரசீது மட்டும்தான் மிஞ்சும்.

சங்கத்தில் சேர்ந்தால் லைசென்ஸ் வந்துவிடும் என்ற நம்பிக்கை

இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், எல்லோரும் என்.டி.பி.எஸ். என்று சொல்வது, கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. அதன் 14-ஆவது பிரிவில் ஒரு கதவு உண்டு. நார், விதை, தோட்டக்கலை ஆகிய தேவைகளுக்காக மட்டும் பயிரிட அரசு உத்தரவு போட்டு அனுமதிக்கலாம். அந்தக் கதவைத்தான் உத்தரகாண்ட் 2018-இல் திறந்தது. போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ்நாட்டில் அப்படி ஓர் அனுமதி நடைமுறையில் இல்லை. அனுமதி இல்லாமல் வளர்த்தால் 20-ஆவது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இன்னொரு பிரிவு பலருக்குத் தெரியாது. தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா வளர்வது தெரிந்தால் நில உரிமையாளர் உடனே தகவல் கொடுத்தாக வேண்டும் என்கிறது 46-ஆவது பிரிவு. குத்தகைக்கு விட்ட நிலம் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. உத்தரகாண்ட் தன் முதல் அனுமதியை இந்தியன் இண்டஸ்ட்ரியல் ஹெம்ப் அசோசியேஷன் என்ற சங்கத்துக்குத்தான் சோதனை முயற்சியாகக் கொடுத்தது. அந்தச் செய்தி இங்கே வந்து சேரும்போது, சங்கத்தில் சேர்ந்தால் போதும் என்று திரிந்துவிட்டது. அங்கே அனுமதி கொடுத்தது மாநில அரசு, அதுவும் அந்த மாநில எல்லைக்குள் மட்டும். உறுப்பினர் அட்டையைக் காட்டினால் எந்தப் போலீஸ்காரரும் விட்டுவிட மாட்டார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், எனக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தைக் காட்டினார்கள். சர்வே எண், சிட்டா நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ, நுழைவுக் கட்டணம். பின்பக்கத்தில் "அனுமதி கிடைத்தவுடன் விதை ஒதுக்கீட்டில் முன்னுரிமை" என்று தடித்த எழுத்து. சங்கப் பதிவு எண்ணைத் தேடினேன், எங்குமே இல்லை. பணம் அனுப்பக் கொடுத்திருந்தது ஒரு தனிநபரின் ஜிபே எண். இப்படி ஒரு காகிதம் கைக்கு வந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு எண் என்ன, பைலா, அதாவது சங்கத்தின் உள்விதிகள், எங்கே, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, கணக்கைத் தணிக்கை செய்வது யார் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் சிட்டா நகலைக் கொடுக்காதீர்கள். பணம் போனாலும் சம்பாதித்துக்கொள்ளலாம். நில விவரமும் ஆதாரும் கஞ்சா என்ற பெயர் போட்ட ஒரு பட்டியலில் ஏறினால் அதை அழிப்பது கஷ்டம்.

மூன்று வகை அமைப்பை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது

ஜெர்மனியில் 2024 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. ஜூலையிலிருந்து 500 பேர் வரை சேர்ந்து சங்கமாகப் பயிரிட்டுத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்றார்கள். நம் ஊரில் ஹெம்ப் சங்கம் என்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் மனதில் வைத்திருப்பது இந்தச் செய்தியைத்தான். ஆனால் அது நுகர்வோர் கூடி வளர்க்கும் லாப நோக்கற்ற கிளப். வணிகச் சங்கத்துக்கு அங்கே தனி அமைப்பு இருக்கிறது. தொழிலில் இருப்பவர்களின் சார்பில் அரசிடம் விதிகளைப் பற்றிப் பேசுவது அதன் வேலை.

நீலகிரிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு அந்நியமானது இல்லை. குன்னூரில் இருக்கும் உபாசி 1893-இல் தோட்ட முதலாளிகள் கூடி அமைத்த சங்கம். அது தேயிலை வாங்கி விற்பதில்லை. வரி, கூலி, ஏற்றுமதி விதிகளைப் பற்றி அரசோடு பேசுகிறது, ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. 1965-இல் வந்த இண்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையம். சிறு விவசாயிகளின் இலை அந்தத் தொழிற்சாலைகளில் தூளாகி விற்பனைக்குப் போகிறது. இரண்டும் வேண்டியவைதான். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம். ஹெம்ப் விற்றுத் தர வேண்டும் என்றால் கூட்டுறவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ தேவை. விதியை மாற்ற வேண்டும் என்றால் வணிகச் சங்கம் தேவை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, வணிகச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து "கிலோ இவ்வளவுக்குக் குறைந்து யாரும் விற்கக் கூடாது" என்று தீர்மானம் போடுவது. வியாபாரிகள் கூடி விலை முடிவு செய்வதைத் தடுக்கும் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் சங்கங்களையும் பிடிக்கும். 2012-இல் சிமெண்ட் நிறுவனங்கள் மீது போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, அவர்களின் உற்பத்தியாளர் சங்கத்தையும் சேர்த்தே தண்டித்தது. விலைப் பேச்சைக் கூட்டுறவுக்கு விட்டுவிடுங்கள்.

பெரிய கைகளுக்கு ஓட்டுரிமையை விட்டுக்கொடுப்பது

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். சங்கத்துக்குப் பணம் தேவை. சிறு விவசாயி நூறு, இருநூறுதான் தர முடியும். அப்போது ஒரு நிறுவனம் வந்து "ஆபீஸ் வாடகை, வக்கீல் செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. அடுத்த வருடம் செயற்குழுவில் அவர்கள் ஆட்கள் இருப்பார்கள். அரசுக்குப் போகும் மனுவை எழுதுவதும் அவர்களாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2015-இல் நடந்ததைப் பாருங்கள். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் திருத்தத்தை எழுதியதே முதலீட்டாளர்கள்தான். வணிகரீதியாகப் பயிரிடுவது 10 இடங்களில் மட்டும், அந்த 10 இடமும் அவர்களுடையது. பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். சட்டபூர்வமாக வேண்டும் என்று நினைத்தவர்களிலேயே பலர், பத்துப் பேர் கையில் ஒரு பயிரைக் கொடுக்க ஒப்பவில்லை. அந்த மாநிலத்தில் மறுபடி வாக்கெடுப்பு ஜெயிக்க 2023 வரை ஆனது. பேராசைக்கு எட்டு வருடம் விலை.

கலிஃபோர்னியாவின் கதை நம் மலைகளுக்கு இன்னும் நெருக்கமானது. வடக்கே ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி என்று மூன்று மலை மாவட்டங்கள். பல பத்தாண்டுகளாகச் சிறு சிறு துண்டு நிலத்தில் கஞ்சா வளர்த்தவர்கள் அங்கே உண்டு. 2016 வாக்கெடுப்பில் அவர்களுக்குச் சொல்லப்பட்ட உறுதி, ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட பெரிய பண்ணைக்கு 2023 வரை உரிமம் கிடையாது என்பது. ஐந்து வருட அவகாசத்தில் காலூன்றிக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். 2017 நவம்பரில் வேளாண் துறை வெளியிட்ட விதியில், சிறு உரிமங்களை ஒருவர் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் சிறு உரிமங்களை அடுக்கி வைத்துப் பெரும் பண்ணை நடத்தின. சிறு விவசாயிகளின் சங்கம் 2018 ஜனவரியில் வழக்குப் போட்டது. அதற்குள் உரிமங்கள் போக ஆரம்பித்துவிட்டன. பிறகு விலை விழுந்தபோது முதலில் மூடியது மலைக்காரர்களின் தோட்டங்கள்தான்.

உச்சவரம்பு என்று எழுதியிருந்தால் போதாது, ஒரே ஆள் பத்துப் பெயரில் வாங்க முடியுமா என்று அதே இடத்தில் கேட்டிருக்க வேண்டும். இதை யோசித்துக் கேட்க ஒரு சிறு விவசாயி சங்கத்தில் இருக்க வேண்டும், அவருக்கு ஓட்டும் இருக்க வேண்டும். அதனால் பைலாவில் இரண்டு வரி கட்டாயம் வையுங்கள். எவ்வளவு சந்தா கட்டினாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. எந்த ஒரு நிறுவனத்தின் நன்கொடையும் ஆண்டு வரவில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டக் கூடாது.

கோஷம் போடுவது, எண்ணை விட்டுவிடுவது

இலை எடை போடுமிடத்தில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். மழை நாளில் ஈர இலை என்று எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கலாம் என்பது ஓர் எண்தான். மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும் பணத்தை அந்த எண் தீர்மானித்துவிடும்.

ஹெம்ப்பிலும் அப்படித்தான். அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டம் ஹெம்ப்பை அனுமதித்ததும், 2019 அக்டோபரில் இடைக்கால விதி வந்தது. அதிகாரி வந்து பூவில் மாதிரி எடுத்த 15 நாட்களுக்குள் அறுவடை முடிய வேண்டும். மழை பெய்தால், ஆள் கிடைக்காவிட்டால், பரிசோதனைக்கூடத்தில் வரிசை நீண்டால் என்ன செய்வது? செடி வயலில் நிற்க நிற்க டி.எச்.சி. ஏறும். 0.3-ஐத் தாண்டினால் பயிரை அப்படியே விற்க முடியாது. அதோடு, 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் விவசாயியின் கவனக்குறைவாகவே பதிவாகும். விவசாயிகளும் சங்கங்களும் மாநிலத் துறைகளும் ஆயிரக்கணக்கில் கருத்து எழுதி அனுப்பினார்கள். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இறுதி விதியில் 15 நாள் 30 நாளானது, 0.5 சதவீதம் 1 சதவீதமானது. ஊர்வலத்தால் கிடைக்காததை, மழைக்கணக்கும் ஆய்வுக்கூட அறிக்கையும் வைத்து எழுதிய மனுக்கள் வாங்கிக் கொடுத்தன. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொள்ளும் நம் மலைகளில் இந்த 15 நாளும் 30 நாளும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

வரியும் இப்படியே. கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது கலால் வரி கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது என்று வைத்தது. கிராம் 10 டாலர் விற்கும் என்ற கணக்கில் இரண்டும் ஒன்றுதான். விலை 4 டாலருக்கு இறங்கினால் அந்த ஒரு டாலர் கால் பங்கை விழுங்கிவிடும். அங்குள்ள வணிகச் சங்கம் பல வருடமாக இதை மாற்றச் சொல்லிப் போராடுகிறது. கலிஃபோர்னியாவும் எடைக்கு வரி போட்டு, விலை சரிந்து விவசாயிகள் நொறுங்கிய பிறகு, 2022 ஜூலையில் அந்தச் சாகுபடி வரியை எடுத்தது. எடைக்கு வரி என்று ஒரு வரைவு வந்தால், அன்றே எதிர்க்க வேண்டும்.

தாய்மார்களை எதிராளியாக நினைப்பது

மலையில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கஞ்சாவில் சிக்கிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் முன்னால் போய் "இது வேற கஞ்சா" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். பரிசோதனை, வயது வரம்பு, கணக்கு எல்லாவற்றையும் அரசு கேட்கும் முன்னால் சங்கமே ஏற்றுக்கொள்ள வேண்டும். தப்புச் செய்த உறுப்பினரை வெளியேற்றும் விதி பைலாவில் இருக்க வேண்டும்.

2019-இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப், அதாவது மின்சிகரெட், புகைத்து 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் மட்டும் 68. பெரும்பாலானவர்கள் புகைத்தது டி.எச்.சி. கலந்த வேப், அதை வாங்கியது முறைசாரா வழியில். காரணமாகத் தெரிந்தது அதில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட். ஆய்வுக்கூட அறிக்கை கையில் இருந்தவர்களால்தான் எங்கள் சரக்கு இது இல்லை என்று காட்ட முடிந்தது. தாய்லாந்தில் 2022 ஜூனில் ஒழுங்கான சட்டம் வரும் முன்பே தடையை நீக்கினார்கள், கடைகள் காளான் போல முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பிவிட்டார்கள். விதி இல்லாத காலத்தைக் கொண்டாடிய வியாபாரிகள்தான் அதில் அடிபட்டார்கள்.

முதல் வேலையை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்வது

இப்போதே சட்டப்படி செய்யக்கூடியவை உண்டு. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 நவம்பரில் உணவாக ஏற்றது. விதையில் டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் வரைதான். இதை வாங்கி விற்கும் கடைக்காரர்கள் சங்கமாகக் கூடலாம்.

பயிரிட நினைப்பவர்களுக்கு முதல் கேள்வி வேறு. கஞ்சாச் செடி பகல் குறுகினால் பூக்கும். உத்தரகாண்ட் ஏறக்குறைய 30 டிகிரி வடக்கே இருக்கிறது, கோடையில் பகல் 14 மணி நேரம். ஊட்டி 11 டிகிரி, மிக நீளமான பகலே 13 மணி நேரத்துக்குள். வடக்கத்தி நார் ரகத்தை இங்கே போட்டால் உயரம் பிடிக்கும் முன்பே பூத்துவிடும், நார் தேறாது. இமாச்சல் அரசு 2025-இல் கஞ்சாச் சாகுபடியைச் சோதிக்கும் வேலையைப் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது. நமக்கும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. 14-ஆவது பிரிவின் கீழ் அங்கே மட்டும் ரகச் சோதனைக்கு அனுமதி கொடுங்கள் என்று அரசுக்கு ஒரு மனு எழுதுங்கள். அதற்குச் சந்தா வசூலிக்கத் தேவையில்லை, யாருடைய சிட்டாவும் வேண்டாம்.