பி.காம்., பொருளாதார மாணவர்கள் ஆங்கிலத்தில் சறுக்கும் இடங்கள்

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. பொருளாதாரம் என்று சேரும் பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டரிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிவிடுகிறார்கள். தப்பில்லை, கூச்சம் போகும். ஆனால் நேர்காணலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லித்தரும் வகுப்பு, தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது) பற்றிய ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள உதவாது. அது வேறு வேலை. மேடையில் சரளமாகப் பேசுகிறவர்களே பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியில் திணறி நிற்பதும் உண்டு.

சரி, பேச்சு வேண்டாம், படிப்போம் என்று உட்கார்ந்தால் அடுத்த சறுக்கல் கலைச்சொல் பட்டியலில். எலாஸ்டிசிட்டி, மார்ஜினல் யுட்டிலிட்டி, ஒலிகோபொலி என்று நோட்டில் வரிசையாக எழுதி, பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் எழுதி மனப்பாடம் செய்வார்கள். உண்மையில் இந்தச் சொற்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. வருகிற இடத்திலேயே புத்தகம் அவற்றுக்கு வரையறை கொடுத்துவிடும். பாதிக்கு மேல் பிளஸ் ஒன்னில் தமிழில் படித்தவைதான். காலை வாருவது இவற்றுக்கு நடுவே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சொற்கள்: அஸ்யூம் (வைத்துக்கொள்), டெரைவ் (வருவி), வேர்ஆஸ் (மாறாக), ரெஸ்பெக்டிவ்லி (முறையே), ப்ரொவைடட் தட். இவற்றை எந்தப் பாடமும் விளக்காது. தெரிந்திருக்கும் என்று நினைத்து ஆசிரியரும் தாண்டிப் போய்விடுவார்.

ஒன்றை மட்டும் பார்ப்போம். விலை செலவைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே நிறுவனம் உற்பத்தியைப் பெருக்கும் என்பது ஒரு வாக்கியம். இதில் 'இருந்தால் மட்டுமே' என்ற நிபந்தனையைத்தான் ஆங்கிலத்தில் ப்ரொவைடட் தட் தாங்குகிறது. மாணவருக்கோ ப்ரொவைடட் என்றால் 'கொடுக்கப்பட்டது'. யார் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்று தேடுவார், கிடைக்காது, அதை விட்டுவிட்டு மிச்சத்தைப் படிப்பார். நிபந்தனை காணாமல் போய்விடும். 'நிறுவனம் உற்பத்தியைப் பெருக்கும்' என்று மட்டும் பரீட்சையில் எழுதிவிட்டு வருவார்.

ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2000-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட பல்கலைக்கழகப் பாட நூல்களையும் கட்டுரைகளையும் அலசி, அன்றாடம் புழங்கும் சொற்களைக் கழித்துவிட்டு, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் ஒரு குடும்பம்) எடுத்தார். கலை, சட்டம், அறிவியல் நூல்களில் இவை 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூட. வணிகவியல் நூல்களில் 12 சதவீதம். அதாவது எட்டுச் சொல்லுக்கு ஒன்று. பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த ஆயிரம் சொல் புத்தகத்தையும் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கல்லூரிக்கு வந்ததும் தமிழ்ப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதும் ஒரு தவறுதான். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பொருளியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அதே பாடம், அதே படம், அதே வரிசை. பி.டி.எஃப். இலவசம். பிளஸ் ஒன்னில் நுண்ணியல், பிளஸ் டூவில் பேரியல் என்று முதலாண்டுப் பாடத்தின் அடித்தளம் அவற்றிலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடத்தைப் படித்தால், தெரிந்த விஷயத்தை ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது என்று வாக்கியம் வாக்கியமாகத் தெரியும். தெரியாத ஆங்கிலத்தில் தெரியாத பொருளாதாரத்தைப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஏற்கெனவே தெரியும் என்று நாம் நம்புகிற சொற்கள். இங்கேதான் நன்றாகப் படிக்கிறவர்களும் விழுகிறார்கள். பிராஃபிட் என்றால் லாபம், இதில் என்ன இருக்கிறது? பி.காம். மாணவருக்கு இதே சொல் கணக்குப்பதிவியல் தாளில் ஒரு பொருளிலும் பொருளாதாரத் தாளில் இன்னொரு பொருளிலும் வருகிறது. சொந்தக் கட்டிடத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு வருஷத்துக்கு 4 லட்சம் ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கர் அதோடு முடித்துக்கொள்வார். பொருளியலாளர் விடமாட்டார். கட்டிடத்தை வாடகைக்கு விட்டிருந்தால் ஒன்றரை லட்சம் வந்திருக்கும், இவர் வேறு கடையில் வேலைக்குப் போயிருந்தால் இரண்டரை லட்சம் சம்பளம் வந்திருக்கும், அவற்றையும் செலவில் சேர் என்பார். சேர்த்தால் லாபம் பூஜ்யம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் நார்மல் பிராஃபிட். நார்மல் என்றால் 'சராசரி லாபம்' என்று நினைத்துப் படிக்கிற மாணவருக்கு நிறைவுப் போட்டி (யாரும் தனியாக விலையை மாற்ற முடியாத சந்தை) பற்றிய அத்தியாயம் கடைசி வரை புதிராகவே இருக்கும்.

இன்வெஸ்ட்மென்ட் இன்னொன்று. பங்குச்சந்தையில் ஒருவரிடமிருந்து இன்னொருவர் பங்கு வாங்குவதைப் பேரியல் பொருளாதாரம் முதலீடாகக் கணக்கில் எடுக்காது. புது இயந்திரம் வாங்கினால் எடுக்கும். இன்ஃபீரியர் குட்ஸ் என்பதும் மட்டமான சரக்கு அல்ல. சம்பளம் ஏறியதும் ஒருவர் டவுன் பஸ்ஸை விட்டு பைக் வாங்கினால், அவரைப் பொறுத்தவரை பஸ் பயணம் அந்த வகை. பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை.

எண்கள் வரும் வாக்கியங்களில் நிதானம் வேண்டும். பை என்ற சொல்லும் டு என்ற சொல்லும் இரண்டே எழுத்து. மாற்றிப் போட்டால் விடையே மாறிவிடும். '5 சதவீதம் உயர்ந்தது' (பை) என்பதும் '5 சதவீதமாக உயர்ந்தது' (டு) என்பதும் தமிழில் நமக்குக் குழம்புவதில்லை, ஆங்கிலத்தில் குழம்புகிறது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. இது 25 பேசிஸ் பாயின்ட், அதாவது கால் சதவீதப் புள்ளிக் குறைப்பு. 'கால் பர்சென்ட் குறைந்தது' என்று எழுதினால் கணக்குப்படி தப்பு, 6.50-இல் 0.25 என்பது கிட்டத்தட்ட 3.8 சதவீதம். இதையும்விட அடிக்கடி நடப்பது, பணவீக்கம் குறைந்தது என்று படித்துவிட்டு விலை குறைந்தது என்று எழுதுவது. பணவீக்கம் 6-லிருந்து 4 சதவீதத்துக்கு வந்தாலும், 100 ரூபாய்ச் சாமான் முதல் வருஷம் 106, அடுத்த வருஷம் 110 ரூபாய் 24 காசு. ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, மெதுவாக. மில்லியன், பில்லியன் விஷயம் எளிது: மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால் முடிந்தது.

மொழிபெயர்ப்புச் செயலியில் பத்தி பத்தியாகப் போட்டுத் தமிழில் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விஷயம் புரியலாம், பரீட்சை ஆங்கிலத்தில் அல்லவா? நோட்ஸை உருப்போடுவதிலும் இதே கதிதான். கேள்வியை ஒரு சொல் மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடும். வணிகக் கடிதத்தில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடிப்பது நம்மூர் அலுவலகங்களில் செல்லும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று நேரடியாக எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பெரும்பாலும் யாரும் மார்க்கைக் குறைத்துச் சுட்டிக்காட்டுவதுகூட இல்லை. மே, லைக்லி, டெண்ட்ஸ் டு போன்ற சொற்களை மாணவர்கள் அலங்காரம் என்று நினைத்து உதிர்த்துவிடுகிறார்கள். வட்டி குறைந்தால் முதலீடு கூடக்கூடும் என்று புத்தகம் சொன்னதை, கட்டாயம் கூடும் என்று அடித்து எழுதிவிடுகிறார்கள். பொருளாதாரத்தில் அந்த 'கூடக்கூடும்'தான் விஷயமே. வட்டி குறைந்தும் ஆலை முதலாளி சரக்கு விற்குமா என்று பயந்தால் கடன் வாங்கமாட்டார்.

இதைப் பழக, ரெப்போ விகிதத்தை வாக்களித்து முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழுவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 6 பேர் குழு. வங்கி தரப்பில் 3 பேர், வெளியிலிருந்து 3 பேர். கூட்டம் முடிந்த 14-ஆம் நாள் நடவடிக்கைக் குறிப்பு வெளியாகும். அதில் ஒவ்வொருவரும் தன் வாக்குக்கான காரணத்தைத் தன் பெயரிலேயே எழுதியிருப்பார். முன்னால் இருப்பது எல்லோருக்கும் அதே புள்ளிவிவரம். ஒருவர் உறுதியாகச் சொல்வார், இன்னொருவர் மே போட்டு நிறுத்துவார். முழுக் குறிப்பையும் படிக்கப் போனால் அலுத்துவிடும். இரண்டு உறுப்பினர்களின் பகுதியை மட்டும் எடுத்து, பணவீக்கத்தைப் பற்றி அவர்கள் எழுதிய வாக்கியங்களின் வினைச்சொற்களைப் பென்சிலால் கோடிட்டு வாருங்கள். அடுத்த குறிப்பு சுமார் இரண்டு மாதத்தில் வந்துவிடும். அதே ஆட்களின் பகுதியை எடுத்து, போன தடவை மே போட்டவர் இந்தத் தடவை என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.