உருவக்கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?

"குண்டு", "ஒல்லிக்குச்சி", "கருவாயன்" போன்ற சொற்களைப் பல பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன்பே வீட்டு விசேஷங்களில் கேட்டுவிடுகிறார்கள். எனவே பெற்றோர் முதலில் பேச வேண்டியது உறவினர்களிடம்தான். "என்னடி, இப்படி ஊதிப்போயிட்டே?" என்று பெரியம்மா கேட்டால், சிரித்து மழுப்பாமல், பிள்ளையின் காதுபடவே, "அவ உடம்பைப் பத்திப் பேச வேண்டாம் பெரியம்மா, இப்போ நீச்சல் கத்துக்கிறா, அதைக் கேளுங்க" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிடுங்கள். வீடு திரும்பிய பின் தனியே சொல்லும் ஆறுதலைவிட, அந்த இடத்திலேயே நீங்கள் பேசுவது பிள்ளைக்குக் கூடுதல் தெம்பு தரும். உறவு முறிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரியம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவே.

"நான் குண்டாம்மா?" என்று பிள்ளை கேட்டால், "இல்லவே இல்லை" என்று அவசரமாக மறுக்காதீர்கள், குண்டாக இருப்பது ஏதோ குற்றம் என்பதையே அந்த மறுப்பு உறுதிப்படுத்தும். யார், எங்கே, எப்போது அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டு, முழுவதையும் சொல்லவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமாற்றம் தொடங்குகிறது என்பதையும், அப்போது உயரம் கூடுவதற்கு முன்பே எடை கூடுவது பலருக்கும் இயல்பு என்பதையும் எளிமையாக விளக்குங்கள்.

கழுத்துக் கறுப்பை "அழுக்கு" என்று கேலி செய்வதைத் தனியாகவே குறிப்பிட வேண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுப்பது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம்; கடலை மாவு போட்டுத் தேய்த்தால் அது போகாது என்பதால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் உணவை மாற்றச் சொன்னால் வீடு முழுவதும் மாறட்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வைப்பதும் கேலியின் இன்னொரு வடிவமே.

பள்ளியில் கேலி தொடர்ந்தால், நாள், இடம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்துவைத்து வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். சாப்பாட்டு டப்பா நிறைந்தபடியே திரும்பி வருவது, விளையாட்டு வகுப்பைத் தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடுவது போன்றவை தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ அணுகுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளையே நேரடியாக அழைக்கலாம்.