லலிதாவா, பத்மினியா: பழைய படத்தில் அக்கா தங்கையைப் பிரித்தறிவது எப்படி

எங்கள் வீட்டில் சொத்துத் தகராறு வந்ததே இல்லை. பத்மினித் தகராறு மட்டும் அறுபது வருடமாக நடக்கிறது. இரணியல் பக்கத்து ஓலைக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, திரையில் ஆடும் நடிகை லலிதா என்று அக்கா சொல்வாள். இல்லை, அவர் தங்கை பத்மினி என்று நான் சொல்வேன். வீடு வந்து சேரும்வரை இருவருக்கும் பேச்சு இருக்காது. இப்போது பேத்தி போனில் அதே நடனங்களை வைத்துக்கொண்டு யார் யார் என்று கேட்கிறாள். அவளுக்காக எழுதுகிறேன்.

முதலில் வயதை மனத்தில் வையுங்கள். லலிதா பிறந்தது 1930, பத்மினி 1932, ராகினி 1937. திருவனந்தபுரத்துப் பிள்ளைகள். ஊர் ஊராகப் போய் மேடையில் ஆடியபோது திருவிதாங்கூர் சகோதரிகள் என்று பெயர். 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு எல்லாமே திருவிதாங்கூரோடுதானே இருந்தன! அதனால் அம்மா அவர்களைக் கடைசிவரை "நம்ம ராஜ்யத்துப் பிள்ளைகள்" என்றுதான் சொன்னாள். எல்லை மாறியதை அவள் பொருட்படுத்தவில்லை.

எல்லோரும் செய்யும் தவறு, நடனத்தில் தொடங்குவது. குரு கோபிநாத்திடம் சேர்ந்து கற்றவர்கள். கையும் கழுத்தும் ஒரே மாதிரி போகும். அதனால் ஆளுக்கொரு வேடம் உள்ள படத்தை முதலில் பாருங்கள். 1954இல் வந்த 'தூக்குத் தூக்கி'யைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. மூன்று பேருமே இருக்கிறார்கள். சிவாஜிக்குத் துரோகம் செய்யும் மனைவி லலிதா. பிறகு வந்து மனத்தைக் கவரும் இளவரசி பத்மினி. முதல் ஒரு மணி நேரம் லலிதாவின் முகத்தை மட்டும் பாருங்கள், கதை போனால் போகட்டும். என் கண்ணுக்கு அது நீண்ட முகம். தாடை சற்றுக் கூர்மை. சிரிக்கும்போதுகூடக் கண் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பத்மினிக்கு வட்ட முகம், கன்னம் நிறைந்திருக்கும், கண் முகத்தைவிடப் பெரிது. அடுத்து, 1953இல் வந்த 'தேவதாஸ்' பாருங்கள். சந்திரமுகி லலிதாதான். அங்கே அந்தக் கூர்மை அப்படியே சோகமாக மாறியிருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் லலிதாவை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். மீதி நிற்பவர் பத்மினி.

ராகினிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மூவரில் சின்னவர், துடுக்கான முகம். அக்காமாரின் நிழலில் நின்றுவிட்டாரே என்று எனக்கு எப்போதும் ஆற்றாமை. 1976இல் சீக்கிரமே போய்விட்டார்.

இனி நடனத்துக்கு வரலாம். 1940களின் கடைசியில் வந்த படங்களில் லலிதாவும் பத்மினியும் கதைக்குச் சம்பந்தமில்லாமல் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். 'வேலைக்காரி'யில் அப்படித்தான். இடப்பக்கம் நிற்பவர் லலிதா என்று நினைவு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் இடம் மாறிவிடும். சின்ன வயதில் நான் தோற்றதெல்லாம் இதனால்தான். மூக்குத்தியையோ நெற்றிச்சுட்டியையோ பார்த்து வையுங்கள், ஒருவருக்காவது ஏதாவது வித்தியாசம் இருக்கும். பிறகு இருவரும் நேராக நம்மைப் பார்த்து ஒரு நொடி நிற்கும் இடம் வரும். கொட்டகையில் அது கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். உங்களுக்கோ போனில் விரல் வைத்தால் நிற்கிறது. நிறுத்தித் தாடையைப் பாருங்கள். ஒலியையும் அணைத்துவிடுவது நல்லது. பாட்டுக் குரல் அவர்களுடையது அல்ல, காது வீணாகக் குழப்பும்.

நாகர்கோவில்காரர்கள் தவறவிடக் கூடாதது 1951இல் வந்த 'மணமகள்'. நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் இயக்கியது, லலிதாவும் பத்மினியும் நடித்தது. 'சின்னஞ்சிறு கிளியே' அதில்தான் வருகிறது. அந்தப் பாட்டு வந்தால் நான் பிரித்தறிவதை விட்டுவிடுவேன். கையில் சாயா ஆறிக்கொண்டிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போட்டி நடனத்தில் பத்மினியோடு ஆடுவது வைஜயந்திமாலா. அவரைத் தங்கை என்று என் மருமகள் பந்தயமே கட்டினாள். இன்னொன்று, சுகுமாரி. நாகர்கோவிலில் பிறந்தவர், இவர்களுக்கு உறவு. பழைய படத்தின் ஆட்டக் கூட்டத்தில் அவர் முகம் தெரிந்தால், நான்காவது சகோதரி என்று எழுதிவிடாதீர்கள். இணையத்தில் காணொளிக்கு மேலே போட்டிருக்கும் பெயரை நம்பவே நம்பாதீர்கள்.

போன மாதம் குழித்துறையில் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்த மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"மக்களே, வேலைக்காரி டான்ஸ் பார்த்தேன். இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. நீயும் தப்பு, நானும் தப்பு. அது ராகினி."

"அந்தப் படம் 1949, அக்கா. ராகினிக்கு அப்போது 12 வயது."

போனை வைத்துவிட்டாள்.