கத்திரி வெயிலில் நிம்மதியைக் கெடுக்கும் தவறுகள்

வேலூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் பதினோரு கோடைகளைக் கழித்துவிட்டேன். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால், மாதக் கடைசி வரை 40 டிகிரி இங்கே சாதாரணம். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளம் தம்பதி, முதல் வருடம் நான் செய்த தவறுகளை அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உச்சி வெயிலில் அலையக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஏர் கூலரை ஓடவிட்டு ஜன்னலைச் சாத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த முதல் மே மாதம், கையிருப்பைப் போட்டுப் பெரிய கூலராக ஒன்று வாங்கினேன். குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தேன். அரை மணி நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, பாயெல்லாம் ஈரம். குழந்தை நடு இரவில் எழுந்து அழும். ஒரு வாரம் சரியான தூக்கம் இல்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எனக்கும் மனைவிக்கும் வார்த்தை தடித்தது.

கூலர்தான் சரியில்லை என்று பாதி விலைக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் அது அருமையாக ஓடியது. போய்ப் பார்த்தால், கூலரின் பின்பக்கம் ஒரு ஜன்னலை ஒட்டி இருந்தது. எதிர்ப்பக்க ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

கூலர் ஏசி அல்ல. தண்ணீர் ஆவியாகும்போது காற்றில் உள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த ஆவி அறைக்குள்ளேயே தங்கினால் வியர்வை காயாது, புழுங்கும். வெளியிலிருந்து காய்ந்த காற்று வர வேண்டும், ஈரக் காற்று வெளியேற வேண்டும். வேலூர், திருச்சி, மதுரை போன்ற வறண்ட ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். கடற்காற்றிலேயே ஈரம் இருக்கும் சென்னையில், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் பெரிய பலன் இருக்காது. அங்கே இருப்பவர்கள் வாங்கும் முன் யோசியுங்கள்.

மண்பானையைச் சமையலறை மூலையில் வைப்பது

பானைக்கும் அதே கணக்கு. வெளியே கசியும் ஈரம் காற்றில் காய்ந்தால்தான் உள்ளே தண்ணீர் குளிரும். ஈர மணல் மேல், காற்று படும் இடத்தில் வையுங்கள். வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்த பானை வேண்டாம்.

கொசுவுக்குப் பயந்து மாலையில் ஜன்னலை அடைப்பது

பகலெல்லாம் காங்கிரீட் குடித்த வெயில், இருட்டிய பிறகுதான் கூரை வழியே அறைக்குள் இறங்கும். அந்த நேரத்தில் வெளியே காற்று ஆறியிருக்கும். வலை அடித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். காலை எட்டு மணிக்கு மேல் திரையை இழுத்துவிடலாம்.

மதியம் மூன்று மணிக்குப் பணப் பேச்சு

வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கள்.

மதியம் படுப்பதைச் சோம்பல் என்று நினைப்பது

பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சி, எழுந்து நடந்தால் மயக்கம். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் விடியும் முன் வயலுக்குப் போய், வெயில் ஏறியதும் கரையேறிவிடுகிறார்கள். திரும்ப இறங்குவது பொழுது சாயும்போதுதான். இப்போது நாங்களும் ஐந்து மணிக்கே எழுந்து, எட்டுக்குள் சமையலை முடித்துவிடுகிறோம். மதியம் வெறும் தரையில் ஈரத் துணி விரித்து மூன்று பேரும் படுத்துவிடுவோம். பொழுது இறங்கியதும் மாடியில் நாலு குடம் தண்ணீர் தெளித்து, சூடு ஆறிய பிறகு பாய் விரிப்போம். தெருமுனையில் வாங்கிய நுங்கைக் குழந்தை கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஒன்பது மணி வரை யாரும் கீழே இறங்க மாட்டோம்.