வளைந்த டி.என்.ஏ. துண்டு எங்கே போய் நிற்கிறது? லெவல் ட்யூபில் ஒரு செய்முறை

மிகைச்சுருள் கொண்ட, அதாவது முறுக்கால் தன்மேல் தானே பின்னிக்கொண்ட, வட்ட டி.என்.ஏ.வில், இயல்பாகவே வளைந்த ஒரு சிறு துண்டு முழு மூலக்கூறின் வடிவத்தையும் நெறிப்படுத்துகிறது. மன்னார்குடியில் என்னிடம் படிக்கும் மாணவர்களுக்கு இதைப் படம் வரைந்து புரியவைக்க முடியாததால், கையால் செய்து பார்த்தேன்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூபில் 2 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கயிறு வேண்டவே வேண்டாம்; வைக்கோல் பிரியானாலும் தேங்காய்நார்க் கயிறானாலும் திரித்தவரின் முறுக்கு அதில் ஏற்கெனவே இருப்பதால், நாம் கொடுக்கும் முறுக்கை எண்ண முடியாது. கடையில் சுருட்டி வைத்த ட்யூபுக்கும் வளைவு உண்டு என்பதால், செங்கல்லைக் கட்டி ஒரு நாள் வெயிலில் தொங்கவிடுங்கள்.

ட்யூபின் நீளவாக்கில் ஒரு கோடு வரையுங்கள். நடுப்பகுதியை லாடம்போல் வளைத்துக் கட்டி, கொதிநீரில் சிறிது நேரம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் வளைவு நிலைத்துவிடும். டி.என்.ஏ.வில் இந்த வேலையைச் செய்பவை, நான்கு முதல் ஆறு அடினைன்கள் (டி.என்.ஏ.வின் ‘A’ எழுத்துகள்) அடுத்தடுத்து வரும் தொடர்கள். அவை ஏறத்தாழ 10.5 எழுத்து இணைகளுக்கு ஒருமுறை, அதாவது இரட்டைச் சுருளின் ஒரு சுற்றுக்கு ஒன்றாக வந்தால்தான் சிறு வளைவுகள் ஒரே பக்கமாகச் சேர்கின்றன. அரைச்சுற்று தள்ளி வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

வளைவின் இருபுறமும் 40 சென்டிமீட்டரில் சிவப்பு நூல் கட்டி, ட்யூபில் நீர் நிரப்புங்கள். முன்பக்கக் கோடு மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாகச் சரியும்படி ஒரு முனையை எட்டுச் சுற்று முறுக்கி, இரு முனைகளையும் குச்சியால் இணைத்து, சைக்கிள் ட்யூப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். முறுக்கு நழுவக் கூடாது. டி.என்.ஏ.வில் இந்த முறுக்குக்கு ஈடானது, சுருளின் சுற்றுகள் குறைவது. 4361 இணைகள் கொண்ட பி.பி.ஆர்.322 என்ற பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் இருக்கும் சிறு வட்ட டி.என்.ஏ.) தளர்ந்த நிலையில் சுமார் 415 சுற்றுகள் இருக்கும். அதில் ஆறு விழுக்காடு, அதாவது சுமார் 25 சுற்றுகள், குறைந்தாலே அது தன்மேல் தானே பின்னிக்கொள்ளும்.

நான் இடறியது இதற்கடுத்த படியில். கையை விட்டதும் ட்யூப் பின்னிக்கொண்டது. ஆனால் வளைவு பின்னலின் நடுவிலேயே நின்றது. வளைவுக்கு எந்தப் பங்கும் இல்லை என்றே இரண்டு நாட்கள் தவறாக எண்ணியிருந்தேன். பிறகுதான், ட்யூப் தன்மேல் உராயும் இடங்களே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பது புலப்பட்டது. உயிரணுவுக்குள் வெப்ப அசைவு ஓயாமல் உலுக்கிக்கொண்டிருக்கிறது; இங்கே நாம்தான் உலுக்க வேண்டும். விதைநெல் ஊறவைக்கும் தொட்டியில் சோப்புநீர் கலந்து, ட்யூபை அதில் மூழ்கவைத்து, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தபோது, வளைவு விரற்கடை விரற்கடையாக நகர்ந்து பின்னலின் முனையில் உள்ள கண்ணியில் போய் நின்றது. கையால் விலக்கி மீண்டும் ஆட்டினாலும் அங்கேயே திரும்பியது. பின்னலில் மிகக் கூர்மையாக வளைய வேண்டிய இடம் முனைதான். ஏற்கெனவே வளைந்த துண்டு அங்கே நின்றால் ஆற்றல் செலவு குறைகிறது.

இப்போது சிவப்பு நூல்களைப் பாருங்கள்: இரண்டும் எதிரெதிரே தொட்டுக்கொண்டிருக்கும். வளைவு முனையைப் பிடித்துக்கொண்டதும், அதிலிருந்து சம தூரத்தில் உள்ள இடங்கள் எதிரெதிராக அமைகின்றன. எந்த இடம் எதைச் சந்திக்கும் என்பது வளைவு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. 1988இல் லாண்டன், கிரிஃபித் என்ற ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வளைந்த துண்டுகள் முனைகளில் நிற்பதைக் காட்டினர்.

பின்சேர்க்கை: திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு ஆசிரியை, இரண்டு வளைவுகள் வைத்தபோது ஒன்று மட்டும் முனைக்கு வரவில்லை என்று எழுதினார். வளைவுகள் வட்டத்தில் நேரெதிரே இருந்தால்தான் இரு முனைகளும் இரண்டுக்கும் கிடைக்கும். அவர் மூன்றிலொரு பங்குத் தொலைவில் வைத்திருந்தார். அப்போது ஒன்று நடுவில் தங்கும், அல்லது பின்னல் மூன்றாவது கிளை விட்டு அதன் நுனியில் அதற்கு இடம் கொடுக்கும்.