நீக்கு, அகற்று, களை, பறி: எங்கே தவறுகிறோம்?

இருக்கும் இடத்திலிருந்து ஒன்றை எடுத்துவிடுவதைச் சொல்லத் தமிழில் சொற்கள் ஏராளம். அகராதி அவற்றை ஒரே வரியில் அடுக்கிவிடுவதால் எதை வேண்டுமானாலும் எங்கும் போடலாம் என்று நினைக்கிறோம். அது சரியல்ல.

அதிகம் கண்ணில் படும் பிழை ‘கறை நீக்கியது’. கறை தானாகப் போனால் ‘நீங்கியது’. நாம் போக்கினால் ‘கறையை நீக்கினோம்’. தன்வினையில் ‘ங்’ வரும் இடத்தில் பிறவினையில் ‘க்’ வரும்: அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு. விலகு–விலக்கு, அகல்–அகற்று ஆகியவற்றிலும் இதே பொருள் வேறுபாடுதான். பதவியிலிருந்து தாமாக விலகியவரை ‘விலக்கப்பட்டார்’ என்று எழுதினால் அவர் வெளியேற்றப்பட்டவராகிவிடுவார்.

உருபு மாறினாலும் ஆபத்துதான். ‘பட்டியலிலிருந்து நீக்கு’ என்றால் ஒரு பெயர் போகும். ‘பட்டியலை நீக்கு’ என்றால் முழுப் பட்டியலும் போய்விடும். ஆளிடமிருந்து எடுப்பதென்றால் ‘அவரிடமிருந்து’ என்றே வர வேண்டும், ‘அவரிலிருந்து’ அல்ல. கணக்கிலும் அப்படியே: 10-இலிருந்து 3-ஐக் கழித்தால் 7, உருபை இடம் மாற்றினால் விடை −7. அந்தக் ‘கழித்தா’லில் ழகரத்துக்குப் பதில் ளகரம் போட்டுக் ‘களித்தால்’ என்று எழுதினால் மகிழ்ந்தால் என்று பொருள்.

‘களை’தான் மிகவும் ஏமாற்றும் சொல். வேண்டாததை வேரோடு எடுப்பது களைதல். ‘இடுக்கண் களைவதாம் நட்பு’ என்கிறது 788-ஆம் குறள். ‘ஐயங்களைக் களைந்தார்’ சரி. ‘கலைந்தார்’ என்று லகரம் போட்டால் பொருளே இல்லை. கலைவது கூட்டமும் தூக்கமும். ‘களைத்தார்’ என்றால் சோர்ந்து போனார். ஓர் எழுத்து, மூன்று வினை.

‘பறி’யைப் பொறுத்தவரை எதைப் பறிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பூவைப் பறித்தால் குற்றமில்லை. நகையைப் பறித்தால் வன்முறை. அதனால் காவலர் சட்டப்படி கைப்பற்றியதைப் ‘பறித்தனர்’ என்று எழுதக் கூடாது, ‘பறிமுதல் செய்தனர்’ என்க. ‘பரிமுதல்’ எழுத்துப்பிழை.

வரி நீக்கத்தில் வரியே இல்லாமற்போகும். வரிவிலக்கில் வரி இருக்கும், சிலர் மட்டும் கட்ட வேண்டியதில்லை. பணி நீக்கமும் பணியிடை நீக்கமும்கூட ஒன்றல்ல. இடைநீக்கத்தில் இருப்பவருக்குப் பணி செய்யத்தான் தற்காலிகத் தடை, வேலை போகவில்லை. செய்தி எழுதும்போது ‘இடை’யை விட்டுவிட்டால், விசாரணை முடியும் முன்பே அவர் வேலை இழந்துவிட்டதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்வார்.