அட்ரினெர்ஜிக் ஏற்பிப் புரதம்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்ரினலின் ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் சவ்வுப் புரதமான மனித பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பி என்று பெயர் ஒட்டிய இரண்டு குப்பிகளுக்குள் ஒரே பொருள் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மறுசேர்க்கைப் புரதங்களில் (மரபணுவை வேறு செல்லிலோ செல்சாற்றிலோ இட்டுத் தயாரிப்பவை) பணமும் மாதங்களும் வீணாவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம்.

முழு ஏற்பி 413 அமினோ அமிலங்கள் கொண்டது. செல் சவ்வை 7 சுருள்களாகக் குறுக்கே கடக்கிறது. அட்ரினலின் வந்து அமரும் பள்ளத்தை அந்தச் சுருள்கள்தான் கூடி உருவாக்குகின்றன. 3ஆம் சுருளில் உள்ள 113ஆவது ஆஸ்பார்ட்டேட், 7ஆம் சுருளில் உள்ள 312ஆவது ஆஸ்பராஜின் என எங்கெங்கோ இருப்பவை மடிப்பினால் அருகருகே வந்து லிகண்டை (ஏற்பியில் பிணையும் பொருளை) பிடிக்கின்றன. ஆனால் விற்பனையில் கிடைப்பவற்றில் பல, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த சிறு துண்டுகள். சில, கோதுமை முளைச் சாற்றில் உருவாக்கி ஜிஎஸ்டி என்ற துணைப் புரதத்தை டேக்காகச் சேர்த்தவை. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒப்பீட்டு மாதிரியாக வைக்க இவை போதும். மருந்து பிணைகிறதா என்று பார்க்க இவற்றை நம்ப முடியாது. வால் பகுதித் துண்டில் அந்தப் பள்ளமே கிடையாதே!

தூய்மை 90 சதவீதம் என்று தாளில் போட்டிருப்பதும் மடிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை; புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் வேறு பேண்ட் (பட்டை) அதிகம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். எந்த செல்லில் தயாரித்தது, முழு நீளமா, எந்த டிடர்ஜென்ட்டில் (சவ்வுப் புரதத்தைக் கரைசலில் நிறுத்தும் சோப்பு போன்ற பொருள்) இருக்கிறது, லிகண்ட் பிணைப்பைச் சோதித்த தரவு உண்டா என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். பிணைப்புத் தரவு இல்லாத குப்பியைப் பிணைப்புச் சோதனைக்கு வாங்காதீர்கள்.

முழுமையாக மடிந்த புரதத்திலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஏற்பி ஆய்வாளர் பிரையன் கோபில்காவின் குழு 2007இல் இந்த ஏற்பியின் படிக அமைப்பை வெளியிட்டபோது, பூச்சி செல்களில் தயாரித்த ஏற்பியின் செல்லுக்குள் இருக்கும் மூன்றாம் வளையத்தை எடுத்துவிட்டு, படிகமாக உதவும் டி4 லைசோசைம் என்ற சிறு புரதத்தைப் பொருத்தியிருந்தார்கள். லிகண்ட் அதில் பிணையும்; செல்லுக்குள் சமிக்ஞையைக் கடத்தும் ஜி-புரதம் சேராது. 2011இல் ஜி-புரதத்தோடு சேர்ந்த அமைப்பைப் பெற, லைசோசைமை ஏற்பியின் முன்முனைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. படிகத்துக்காக வடிவமைத்த ஏற்பியை வைத்துச் சமிக்ஞை ஆய்வு செய்ய முனைவது காரியத்துக்கு ஆகாது.

அடுத்தது டிடர்ஜென்ட். சவ்விலிருந்து பிரித்த ஏற்பியை டிடர்ஜென்ட் இல்லாத பஃபரில் 50 மடங்கு நீர்க்கச் செய்தால் புரதம் திரண்டு வீணாகும். டிடிஎம் என்ற டிடர்ஜென்ட் மைசெல்லாக (மூலக்கூறுகள் கூடிய சிறு உருண்டையாக) நிற்க ஏறத்தாழ 0.17 மில்லிமோலார் வேண்டும். கழுவும் பஃபர், நீர்க்கச் செய்யும் பஃபர் இரண்டிலும் அதற்கு மேல் இருக்கட்டும். வடிகட்டியில் அடர்த்தியாக்கும்போது நேர் எதிர்ச் சிக்கல்: மைசெல்லும் உள்ளேயே தங்கி டிடர்ஜென்ட் ஏறிக்கொண்டே போகும். புரத அளவைக் காட்டும் பிராட்ஃபோர்ட் அளவீட்டையும் டிடர்ஜென்ட் குழப்பும்.

ஜெல்லில் ஏற்றுமுன் வழக்கப்படி 95 டிகிரியில் கொதிக்க வைக்காதீர்கள். சவ்வுப் புரதங்கள் அப்போது திரண்டு ஜெல்லின் கிணற்று (மாதிரியை ஊற்றும் குழி) வாயிலேயே நின்றுவிடும். அறை வெப்பத்திலோ 37 டிகிரியிலோ எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட்டுடன் வைத்தால் போதும். கணக்கிட்ட எடை சுமார் 46 கிலோடால்டன். பாலூட்டி செல்லில் தயாரித்தது சர்க்கரைச் சங்கிலிகளால் இன்னும் மேலே, பரவலான பட்டையாகத் தெரியும். அதைக் கலப்படம் என்று முடிவு கட்டாமல், சர்க்கரையை வெட்டும் நொதியைச் சேர்த்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

குப்பியை உருக்கி உறையவைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யாமல், முதல் நாளே சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள்.

எதிர்ப்பொருள் காட்டும் பேண்டை அப்படியே நம்புவது பெரிய ஆபத்து. இதே குடும்பத்து ஆல்ஃபா-1 ஏற்பியின் துணைவகைகளுக்கென விற்கப்பட்ட 10 எதிர்ப்பொருள்களைச் சோதித்து, எதுவுமே குறிப்பானதல்ல என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏற்பியின் மரபணு நீக்கிய எலித் திசுவிலும் அதே பேண்டுகள் வந்தன. மறுசேர்க்கைப் புரதத்தில் பேண்ட் வந்தது மட்டும் சான்றாகாது. ஏற்பியே இல்லாத மாதிரியையும் அருகில் ஓட்டுங்கள்.

பிணைப்புச் சோதனையில் ஏற்பியை அடைக்கும் ப்ரோப்ரனலால் மருந்தை மிகையாகச் சேர்த்த குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் வேண்டும். குறிப்பற்ற பிணைப்பை, அதாவது ஏற்பியில் அல்லாமல் வேறிடங்களில் ஒட்டியதை, அதை வைத்துத்தான் கழிக்க வேண்டும். ஏற்பியைத் தூண்டும் ஐசோப்ரோட்டரனால் போன்றவை காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து இளஞ்சிவப்பாகும். அன்றன்றைக்குக் கரைத்து, அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். நிறம் மாறிய கரைசலைக் கொட்டிவிடுங்கள்.